இயற்கை சீறவில்லை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

‘இயற்கையின் சீற்றம்’ என்னும் சொற்றொடரைக் கேளாத செவி இன்று தமிழகத்தில் உண்டோ? புயல் வந்தால் இயற்கையின் சீற்றம். குளம் உடைந்தால் இயற்கையின் சீற்றம். கோடை வெயிலில் மனிதன் சுருண்டு விழுந்தால் அதுவும் இயற்கையின் சீற்றம். செய்தித்தாளில் அதுவே தலைப்பு. மேடையில் அதுவே முழக்கம். நிவாரண முகாமில் அரிசிப்பை வழங்க வரும் பெரியவர்களின் வாயில் அதுவே ஆறுதல் மொழி. நம் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் ‘மாறிவரும் தட்பவெப்பம்’ என்று தலைப்புக் கொடுத்தாலும், மேடையேறிய நண்பர்களில் பெரும்பாலோர் இச்சொல்லில்தான் தொடங்குகின்றனர். கைத்தட்டலும் கிடைத்துவிடுகிறது.

இச்சொல்லை நான் ஏற்கவில்லை. சீற்றம் என்பது மனம் உடையவற்றின் குணம். வளிமண்டலத்திற்கு மனம் ஏது? அது வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் கட்டுப்பட்டு நடக்கும் வாயுக்களின் கலவை. அடுப்பில் வைத்த பானை பொங்கினால், ‘பானை சீறிவிட்டது’ என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. ‘அடுப்பை யார் இப்படி எரியவிட்டது?’ என்றுதான் கேட்பாள். அந்தக் கேள்வி எழாமல் இருப்பதற்காகவே ‘சீற்றம்’ என்னும் சொல் பயன்படுகிறது என்பது என் கருத்து. சீற்றம் என்று சொன்ன மறுகணமே குற்றவாளி கூண்டிலிருந்து இறங்கி வீட்டிற்குப் போய்விடுகிறான்.

அடுப்பை எரியவிட்டது யார் என்பதில் அறிவியலுக்கு ஐயம் இல்லை. 1856-இல் யூனிஸ் ஃபுட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமிலவாயு நிறைந்த உருளையே மிகுதியாகச் சூடேறியது. ஆறுவதற்கும் அதுவே நெடுநேரம் எடுத்துக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஜான் டிண்டால் இவ்வாயு வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை அளந்து காட்டினார். 1896-இல் ஸ்வீடன் நாட்டு அர்ரீனியஸ், காற்றில் உள்ள கரியமிலவாயு இருமடங்கானால் பூமியின் வெப்பநிலை எவ்வளவு உயரும் என்று காகிதத்தில் கணக்கிட்டார். யார் இந்த அர்ரீனியஸ்? வேதிவினை வேகத்திற்கு ஒரு சமன்பாட்டைத் தேர்வுக்கு முந்தின இரவு உருப்போடுகிறோமே, அந்தச் சமன்பாட்டுக்குரியவரேதான்! பல்லாண்டாக நம் பாடநூலில் குடியிருக்கும் மனிதர் இதையும் சொல்லிச் சென்றிருக்கிறார் என்பதை நமக்குப் பாடத்திட்டம் சொல்லவில்லை. குளிர்நாட்டுக்காரராகையால், பூமி சற்றே சூடானால் நல்லதுதான் என்று அவர் எண்ணினார். உப்பளத்தில் நின்று எண்ணியிருந்தால் வேறு விதமாக எண்ணியிருப்பார்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. காற்றில் பெரும்பகுதியாக உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் பூமியிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிர்களைத் தடுப்பதில்லை. கரியமிலவாயு, நீராவி, மீத்தேன் போன்ற மூலக்கூறுகளோ அக்கதிர்களை வாங்கி அதிர்கின்றன. பிறகு எல்லாத் திசையிலும் திருப்பி விடுகின்றன. அவற்றில் ஒரு பங்கு மீண்டும் நிலத்திற்கே வருகிறது. இந்தப் போர்வை அடியோடு இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் அளவில் உறைந்து கிடக்கும். ஆகவே போர்வை பகையன்று. அதன் கனம் கூடிக்கொண்டே போவதுதான் தொல்லை. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்கு கரியமிலவாயு இருந்தது. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது அது 315 அளவில் இருந்தது. இன்று 420-ஐயும் தாண்டிவிட்டது.

‘எரிமலைகள் விடும் வாயுவாக இருக்கலாகாதா? சூரியனே சூடேறியிருக்கலாகாதா?’ என்று விடுதியில் ஒரு நண்பர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. வேதியியல் மாணவர்களாகிய நமக்கு இதற்கு விடை கைவசம் இருக்கிறது. கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரியின் அரைவாழ்வு ஏறத்தாழ 5,730 ஆண்டுகள். உயிருள்ள மரத்தில் அது இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் புதைந்து கிடந்த நிலக்கரியில் அது அழிந்துபோயிருக்கும். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்ததால்தான் காற்றில் கரி கூடியது என்றால், காற்றிலுள்ள கரியில் கார்பன்-14-இன் விகிதம் குறைய வேண்டும். அவ்வாறே குறைந்திருப்பதை 1950-களிலேயே ஹான்ஸ் சூயெஸ் கண்டார். எரிமலைகள் ஓராண்டில் விடும் கரியமிலவாயு, மனிதன் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. சூரியனைப் பற்றியும் ஒரு சொல்: குற்றம் சூரியனுடையது என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும். மேலடுக்கோ குளிர்ந்துவருகிறது, கீழடுக்குதான் சூடேறுகிறது. போர்வைக்குள் இருப்பவனுக்குத்தானே புழுக்கம்!

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட்டு நகர்கிறேன். ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டை வழியாக வெப்பம் உள்ளே வருவதால்தான் பூமி சூடேறுகிறது என்று சுவரொட்டி தீட்டுவதை நம் நண்பர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும். ஓசோன் தடுப்பது புற ஊதாக் கதிர்களை. அந்தப் படலத்தைக் கெடுத்த வாயுக்களை 1987-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்பாட்டின்படி உலக நாடுகள் படிப்படியாகக் கைவிட்டதால் படலம் இப்பொழுது மெல்ல மெல்லத் தேறிவருகிறது. (அவ்வாயுக்கள் வெப்பத்தையும் பிடித்துவைப்பவை என்பது வேறு செய்தி.) அதுபோலவே பிளாஸ்டிக் பையை ஒழித்தால் பருவமழை திருந்திவிடும் என்பதும். பிளாஸ்டிக்கை ஒழிப்பது நல்லதே. சாக்கடை அடைபடாது, மாடு சாகாது. ஆனால் காய்ச்சலுக்கு உரிய மருந்தைக் கால்முறிவுக்குக் கட்டுவதில் பயன் இல்லை.

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம்.

2023 டிசம்பர் 18-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுதும் பெய்யும் சராசரி மழையைக் காட்டிலும் இது மிகுதி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு சென்ட் நிலத்தின் மேல் 38,000 லிட்டர் தண்ணீர். பெரிய தண்ணீர் லாரிகள் மூன்று கொண்டுவந்து கொட்டினால் எவ்வளவோ அவ்வளவு, ஒவ்வொரு சென்டுக்கும்! திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 சென்டிமீட்டருக்கு மேல். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தண்டவாளத்தின் கீழிருந்த மண் அரித்துச் செல்லப்பட்டதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. பயணிகள் பலர் இரண்டு நாள் அங்கேயே சிக்கிக்கிடந்தனர். அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள், தங்கள் வீட்டிலும் தண்ணீர் நின்ற பக்கத்து ஊர் மக்கள். குளங்களின் கரைகள் உடைந்தன. தூத்துக்குடி நகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் நீர் வடியவில்லை.

இதற்குக் காரணம் என்ன? ‘பருவநிலை மாற்றம்’ என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களையும் நான் ஒப்பவில்லை. அது ‘இயற்கையின் சீற்றம்’ என்பதற்கு அறிவியல் சட்டை மாட்டிவிட்ட கதையாகும். நேர்மையாகப் பேசுவோம். 1951-க்கும் 2015-க்கும் இடையில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 1 டிகிரி சூடேறியிருப்பதாக இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. காற்று 1 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். அந்நீராவி மழையாக மாறும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம் மேகத்தை இன்னும் உயரே தள்ளும். அதனால் கொட்டும் மழை அந்த 7 விழுக்காட்டையும் மிஞ்சுவதுண்டு. ஆகவே பெருமழைகள் மேலும் பெருமழைகளாகும் வாய்ப்பு கூடிவிட்டது, இதில் மறுப்பில்லை. ஆயினும் அன்று பெய்த 95 சென்டிமீட்டரும் தொழிற்சாலைப் புகையிலிருந்து வந்தது என்று எவரும் சொல்ல முடியாது. 1992 நவம்பரில் மாஞ்சோலைக்கு மேலுள்ள காக்காச்சியில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டர் பெய்து தாமிரபரணி கரைபுரண்ட கதையை நம் பெற்றோர் இன்றும் சொல்வார்கள். அன்று மழை மலையில் விழுந்தது. ஆறு அதைச் சுமந்துவந்தது. 2023-இல் மழை கடற்கரைச் சமவெளியின் தலையிலேயே விழுந்தது. ஆற்றைக் காணாத தெருவும் மூழ்கியது.

சமவெளியில் விழுந்த நீரை வாங்கிக்கொள்ளத்தானே நம் முன்னோர் குளம் வெட்டினர்? தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கடைசி இரண்டான மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட குளங்களுக்கு நீர் தருகின்றன. ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்திற்குச் செல்லும், அதுவும் நிரம்பினால் அதற்கடுத்தது, கடைசியில் கடல். இது ஒரு தொடர்வண்டி போன்ற அமைப்பு. இடையில் ஒரு மறுகால் ஓடையை மறித்துக் கட்டிடம் எழுப்பினால், அந்த இடத்தில் மட்டும் நீர் நிற்காது; மேலேயுள்ள குளங்களின் கரையும் சேர்ந்து உடையும். நாம் என்ன செய்தோம்? நெல்லையின் புதிய பேருந்து நிலையத்தை வேய்ந்தான்குளத்தில் கட்டினோம். சென்னையிலே நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பையே அதிகாரமாக வைத்த புலவருக்கு, மழைநீரைத் தேக்கிவைத்த ஏரியின்மேல் நினைவிடம்! இதைவிடப் பெரிய முரண் உண்டோ? ஏழை ஒருவன் ஓடைக்கரையில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. அரசே குளத்தைத் தூர்த்தால் வளர்ச்சித் திட்டம். 2015-இல் சென்னை மூழ்கியதைப் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அதை மனிதர் விளைத்த பேரிடர் என்றே அது குறித்தது. அந்தச் சொல் நிலைக்கவில்லை. ‘சீற்றம்’ நிலைத்துவிட்டது.

கடலிலும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் கரைந்து சிறுத்துவிட்டது. எஞ்சியதைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். கடல்மட்டம் உயர்வது உண்மை. ஆனால் அலையைத் தடுத்து நின்ற பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தவர்களும் நாமே. வேலியைப் பிடுங்கிவிட்டு மாட்டைக் குறை சொல்வது போன்றது இது.

நிற்க. இவ்வளவு பேசிய பின் நிலக்கரியைப் பற்றிப் பேசாதிருப்பது நேர்மையாகாது. தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979-இல் முதல் அலகோடு தொடங்கி, 210 மெகாவாட் அலகுகள் ஐந்தாக வளர்ந்தது. அதன் புகைபோக்கிகளைப் பார்க்காமல் நம்மில் பலரும் வளரவில்லை. 12 கிராம் கரி எரிந்தால் 44 கிராம் கரியமிலவாயு. இது முதலாண்டுக் கணக்கு. நிலக்கரியிலிருந்து பிறக்கும் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ 1 கிலோ கரியமிலவாயு காற்றில் கலக்கிறது. அந்த மின்சாரத்தில்தான் நான் பத்தாம் வகுப்புக்குப் படித்தேன். என் வீட்டில் எனக்கு முன் எவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் என் அன்னையின் இளமை கழிந்தது. ஆகவே ‘நாளைக் காலையே அனல்மின் நிலையங்களை மூடுக’ என்று முழங்க எனக்கு நா எழவில்லை. அப்படி முழங்குபவர்கள் பெரும்பாலும் குளிரூட்டப்பட்ட அறையில் இருந்து முழங்குகிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

ஒரு சிறு கணக்கு. 75 வாட் மின்விசிறி 13 மணி நேரம் சுழன்றால் 1 யூனிட். குளிரூட்டும் கருவியோ முக்கால் மணி நேரத்திலேயே அந்த 1 யூனிட்டை விழுங்கிவிடும். இதே விகிதத்தை உலகிற்கு விரித்துப் பாருங்கள். ஆண்டுக்கு இந்தியன் ஒருவன் பங்குக்கு ஏறத்தாழ 2 டன் கரியமிலவாயு. அமெரிக்கன் ஒருவனுக்கு 14 டன் அளவு. கரி, எண்ணெய், எரிவாயு இவற்றை எரித்து இதுநாள்வரை காற்றில் ஏற்றிய மொத்த வாயுவில் ஏறத்தாழ கால்பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. இந்தியாவினுடையது நூற்றுக்கு நான்கைத் தொடவில்லை. கரியமிலவாயு ஒருமுறை ஏறினால் அதில் ஒரு பங்கு நூற்றாண்டுகள் கழிந்தும் காற்றிலேயே தங்கிவிடும். பாட்டன் வாங்கிய கடனுக்குப் பேரன் வட்டி கட்டுவது உலகில் உண்டு. பக்கத்து ஊர்ப் பணக்காரரின் பாட்டன் வாங்கிய கடனுக்கு நாம் வட்டி கட்டுவதுதான் இதில் புதுமை. 2022-இல் எகிப்தில் கூடிய உலக மாநாடு, பாதிக்கப்பட்ட ஏழை நாடுகளுக்காக இழப்பு நிதியம் ஒன்றை அமைக்க ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு துபாயில் எல்லா நாடுகளும் சேர்ந்து அறிவித்த தொகை ஏறத்தாழ 70 கோடி டாலர். உலகத்தின் தேவைக்கு முன் அது கொழுக்கட்டையில் ஒட்டிய எள்.

ஆனால் இந்த நியாயத்தைச் சொல்லிக்கொண்டு நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. இன்று ஆண்டுதோறும் வெளியிடும் அளவில் இந்தியா உலகில் மூன்றாமிடம். ‘அவன் திருடினான், நானும் திருடுவேன்’ என்பது வழக்கறிஞருக்கும் தோற்றுப்போகும் வாதம். அதோடு வெள்ளம் வந்தால் மூழ்குவது நம் ஊர்தான், வாஷிங்டன் அன்று. மேலும் நமக்கு வேறு வழி இல்லாமலும் இல்லை. 1986-இல் முள்ளக்காட்டில் காற்றாலை நட்டுச் சோதித்த மாவட்டம் இது. இன்று கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் நிற்கும் காற்றாலைகளைச் சேர்த்துத் தமிழகத்தின் காற்று மின்திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்று வீசும் மாதங்கள் போக மற்ற மாதங்களுக்கு என்ன செய்வது, இரவுக்கு எப்படிச் சேமிப்பது என்பதே இன்றைய வினா. அது பெரும்பாலும் வேதியியல் வினா, மின்கல வினா. நம்மில் யாராவது அதற்கு உழைக்கலாம். போட்டித் தேர்வுக்குப் போவதானால் அது அவரவர் விருப்பம்.

மரம் நடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இல்லாவிட்டால் நாட்டு நலப்பணித் திட்ட நண்பர்கள் கோபிப்பார்கள். நடுங்கள். நிழலுக்காக நடுங்கள், மண்ணுக்காக நடுங்கள், பறவைக்காக நடுங்கள். உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கரிதான். ஒரு டன் எடைக்கு மரம் வளரப் பல ஆண்டுகள் வேண்டும். ஒரே ஒரு 210 மெகாவாட் அலகு முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளைக்கு 3,000 டன்னுக்குமேல் நிலக்கரி கேட்கும். கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடாது என்பதைத் தவிர எனக்கு மரத்தின்மேல் வேறு வழக்கு இல்லை.

இறுதியாக, இவ்விதழில் எவரும் எழுதாத ஒன்றை எழுத விரும்புகிறேன்: வெயில்.

வெள்ளத்திற்குப் படம் உண்டு, படகு உண்டு, அமைச்சர் வருகை உண்டு. வெயிலுக்கு ஒன்றும் இல்லை. அது சத்தமின்றிக் கொல்லும். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் விடியலுக்கு வெகு முன்பே எழுந்து சென்று பாத்தியில் இறங்குகிறார்கள். வாருபலகையால் உப்பை இழுத்துச் சேர்ப்பதும், தலையில் சுமந்து தட்டுமேட்டில் அம்பாரமாகக் குவிப்பதும் அவர்கள் வேலை. கீழே உப்புநீரின் எதிரொளி, மேலே வெயில், நடுவில் மனித உடல். என் தாயார் அவர்களில் ஒருவர் என்பதால் இது எனக்குப் புத்தகச் செய்தி அன்று.

உப்பு விளைய வேண்டுமானால் நீர் ஆவியாக வேண்டும். உடல் பிழைக்க வேண்டுமானாலும் வியர்வை ஆவியாக வேண்டும். இரண்டும் ஒரே விதி. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும், உடல் குளிராது. ஆகவே கடற்கரையில் 36 டிகிரி என்பது உள்நாட்டில் 40 டிகிரியைவிடக் கொடியதாக இருக்கலாம். ஆனால் வானிலைத் துறையின் வழக்கப்படி கடற்கரையில் வெப்ப அலை என்று அறிவிக்க, வெப்பமானி 37 டிகிரியைத் தொட வேண்டும். வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடியும் இருக்க வேண்டும். ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையை நம் செய்தித்தாள்கள் போடுவதில்லை. உலகிலேயே அதுவரை பதிவானவற்றில் மிக வெப்பமான ஆண்டாக 2024 பதிவாகி, தொழிற்புரட்சிக்கு முந்திய அளவைவிட ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயர்ந்து நின்றது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்பத்தால் இறப்பவர் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் என்றும் ஆணையிட்டது. பாராட்டத்தக்க ஆணை. ஆயினும் எனக்கு ஓர் ஐயம். வெப்பத்தால்தான் இறந்தார் என்று நிறுவினால்தானே பணம்? பத்து ஆண்டுகள் தண்ணீர் குறைவாகக் குடித்துச் சிறுநீரகம் கெட்டு ஒரு பெண் இறந்தால், அவள் எந்தப் பட்டியலில் வருவாள்?

ஏன் தண்ணீர் குறைவாகக் குடிக்கிறார்கள்? இதைக் கேட்க நமக்குக் கூச்சம். பல உப்பளங்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மரமோ புதரோ மறைவோ இல்லாத வெட்டவெளி. ஆகவே வீடு திரும்பும்வரை தண்ணீரைத் தொடாமலிருக்கப் பழகிக்கொள்கிறார்கள். 36 டிகிரி வெயிலில், உப்புச் சுமையோடு! பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் திட்டங்கள் என்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் அறிக்கைகள் வருகின்றன. அவற்றின் முதற்பக்கத்தில் ‘ஒவ்வோர் அளத்திலும் ஒரு கழிப்பறை, ஒரு நிழற்கொட்டகை, ஒரு குடிநீர்க்குடம்’ என்று இருக்க வேண்டும் என்பேன். இதற்கு உலக மாநாடு கூட வேண்டியதில்லை. அள முதலாளிகளும் தொழிலாளர் துறை அலுவலர்களும் ஒரு மாலை கூடினால் போதும்.

நாம் என்ன செய்யலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு என்னிடம் பெரிய திட்டம் இல்லை. சிறியவை இரண்டு உண்டு. ஒன்று, நம் ஊரைச் சுற்றியுள்ள குளங்களின் மறுகால் ஓடைகளை, ஒவ்வொரு மாணவரும் தத்தம் ஊர் ஓடையை என்ற கணக்கில், நடந்து பார்த்து வரைபடமாக்குவது. எங்கே அடைபட்டிருக்கிறது, எதனால் அடைபட்டிருக்கிறது என்று எழுதுவது. ஒரு படியை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவது. அடைத்தவர் பெயரை எழுத அஞ்சினால் இடத்தின் பெயரையாவது எழுதலாம்.

மற்றொன்று, நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்து அலமாரியில் உறங்கும் உலர்-ஈரக்குமிழ் வெப்பமானியை வெளியே எடுப்பது. செய்முறைத் தேர்வு அன்று மட்டும் அதற்கு வெளிச்சம் காட்டுகிறோம். அதை நிழலான தாழ்வாரத்தில் மாட்டி, நாள்தோறும் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இரண்டு அளவுகளையும் கரும்பலகையில் எழுதலாம். ஓராண்டு எழுதினால் ஒரு பதிவேடு. நமக்குப் பின் வருபவர்களும் எழுதினால் நம் மாவட்டத்து வெயிலைப் பற்றிய சான்று. உப்பளத்தில் வேலைநேரத்தை மாற்றக் கோருபவர்கள் அதைக் கையில் எடுத்துச் செல்லலாம். பேராசிரியப் பெருமக்கள் இசைந்தால் வரும் திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம். குமிழில் சுற்றியிருந்த பழைய துணி நைந்துபோயிருக்கிறது. புதுத்துணி நான் கொண்டுவருகிறேன்.